அப்பாவின் சாமான் அறையைத் திறக்கலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 36. என் அப்பா தன் 67-வது வயதில் மாரடைப்பால் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வேலைக்குப் போன காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, விடுமுறை என்றால் அவருக்கு மலையும் காடும் ஆற்றங்கரையும்தான். ட்ரெக்கிங் போவார், பாறை ஏறுவார், தூண்டில் போடுவார், பைனாகுலரோடு பறவை பார்க்க உட்கார்ந்துவிடுவார். அதற்காக வீட்டைக் கவனிக்காதவர் இல்லை. எங்கள் பள்ளிக் கட்டணத் தேதியிலிருந்து அம்மாவின் மாத்திரை வரை எல்லாம் அவர் கணக்கில் இருக்கும். கிளம்பும்முன் எந்த வழி, யார் கூட, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவார். சொன்ன நேரத்துக்கு வந்தும் விடுவார்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். அவருடைய சாமான் அறையைத் திறக்க அம்மா விடுவதில்லை. அடுத்த பயணத்துக்கு அவர் கட்டி வைத்த முதுகுப்பை அந்த அறைக் கதவோரம் இன்னும் சாய்ந்தபடி இருக்கிறது. என் தம்பிக்கு 31 வயது. அவன் அழுது யாரும் பார்க்கவில்லை. வாரம் தவறாமல் அப்பா ஏறிய மலைக்குத் தனியாகப் போய்வருகிறான். வந்தபிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பாவின் கயிறு, ஹார்னெஸ், டென்ட் எல்லாம் தனக்கு வேண்டும், இனி அவற்றைத்தான் பயன்படுத்தப்போவதாகச் சொல்கிறான். என் மகனுக்கு ஏழு வயது. "தாத்தா ரொம்பப் பெரிய மலைக்குப் போயிருக்கிறார்" என்று உறவினர்கள் அவனிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். எப்போது இறங்கி வருவார் என்று கேட்கிறான்.

துக்கத்தில் ஐந்து கட்டங்கள் உண்டாம், அம்மா இன்னும் முதல் கட்டத்திலேயே நிற்கிறாராம். இதுவும் உறவினர் பேச்சுதான். எனக்கு வேறொரு சங்கடம். முதலாண்டு நினைவு நாளில் அப்பாவின் நண்பர்கள் கூடுகிறார்கள், என்னைப் பேசச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அவர் பெரிய மலையேறி. எனக்கோ அவர் வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன. அதை நினைப்பதே துரோகம்போல் இருக்கிறது. முப்பது வருடக் குறிப்பேடுகள், செல்போன், கையடக்க ஜி.பி.எஸ். கருவி எல்லாம் அப்படியே கிடக்கின்றன. எதை முதலில் தொடுவது, எதை விட்டுவைப்பது, என்ன பேசுவது? பொதுவான ஆறுதலாக இல்லாமல், செய்யவேண்டியதை விவரமாகச் சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருந்தாலும் பாதிக்கு வேர் ஒன்றுதான். உங்கள் அப்பா போய்ப் போய்த் திரும்பி வந்தவர். பல பத்தாண்டுகளாக, 'அவர் வீட்டில் இல்லை' என்றால் 'வந்துகொண்டிருக்கிறார்' என்றே உங்கள் குடும்பம் புரிந்து பழகியிருக்கிறது. நெருங்கிய ஒருவர் எங்கே இருப்பார், எப்போது வருவார் என்று மனம் ஒரு கணிப்பை வைத்துக்கொண்டே இருக்கும். இறந்த செய்தியைக் கேட்டதும் அது அழிந்துவிடாது. திரும்பத் திரும்பப் பொய்த்துத்தான் மெல்ல மாறும். தினமும் கூடவே இருந்தவர் இறந்தால் அந்தக் கணிப்பு நாளுக்குப் பத்து முறை பொய்க்கும். அடிக்கடி வெளியே போனவர் விஷயத்தில் அவர் இல்லாத வீடே பழக்கமான வீடு. ஆகவே நம்புவதற்குக் கூடுதல் காலம் பிடிக்கலாம். கட்டிய பையைக் கலைக்க அம்மாவுக்கு மனம் வராததும், ஞாயிறு மாலை கேட் சத்தம் கேட்டால் உங்களுக்குத் திடுக்கென்று இருப்பதும் (நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும்) இதனால்தான். அறிவு குழம்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இந்த வாரமே செய்யவேண்டியது உங்கள் மகனுடைய கேள்விக்கான பதில். இறந்தவர் திரும்பமாட்டார், அவர் உடல் எதையும் உணராது, எல்லா உயிருக்கும் இது உண்டு, இதற்கு உடல்ரீதியான காரணம் இருக்கிறது என்ற நான்கையும் பெரும்பாலான குழந்தைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் புரிந்துகொள்ளத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் மகனால் முடியும். மற்றக் குழந்தைகளுக்கே 'தூங்குகிறார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்பவை ஆகாத சொற்கள். மலைக்குப் போய்த் திரும்பி வந்த தாத்தாவின் பேரனிடம் 'பெரிய மலைக்குப் போயிருக்கிறார்' என்பது அதைவிடக் கெடுதல், ஏனென்றால் அவனுக்குத் தெரிந்தவரை மலைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள். நாளைக்கு உங்கள் தம்பி மலைக்குக் கிளம்பும்போது மாமாவும் திரும்பமாட்டாரோ என்ற பயமும் அதிலிருந்தே முளைக்கும். பகல் வேளையில், தூங்கப்போகும் நேரம் தவிர்த்து, இப்படிச் சொல்லுங்கள்: "தாத்தா மலைக்குப் போயிருக்கார்னு சொன்னாங்க இல்லையா, அது சரியில்ல. தாத்தா இறந்துட்டார். அவரோட இதயம் நின்னுபோச்சு. இறந்துட்டா மூச்சு இருக்காது, வலி, பசி, குளிர் எதுவும் தெரியாது. அவர் இனிமே திரும்பி வரமாட்டார். மலையால இது நடக்கல. நீ எதுவும் செஞ்சதாலயும் நடக்கல." அவ்வளவு போதும். பிறகு அவன் கேட்பதற்கு மட்டும் பதில். அழுதுவிட்டுப் பத்தே நிமிடத்தில் விளையாடப் போனால் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். குழந்தைகளுக்குத் துக்கம் விட்டுவிட்டுத்தான் வரும். அதே கேள்வியை அடுத்த வாரமும் கேட்பான். அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வது முக்கியம்.

உறவினர்களின் ஐந்து கட்டங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் முன்வைத்தது அது. மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அவர் கண்டது. பின்னால் அது துக்கத்தில் இருப்பவர்களுக்கும் நீட்டப்பட்டது. ஒன்றன்பின் ஒன்றாக ஏறவேண்டிய படி எதுவும் உண்மையில் இல்லை. அம்மாவைப் புரிந்துகொள்ள அதைவிடப் பயன்படுவது துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் எழுதிய இரட்டைப் போக்குக் கருத்து. துக்கத்தில் இருப்பவர் சிலநேரம் இழப்பின் பக்கம் போவார்: அழுவார், படம் பார்ப்பார், பையைத் தொட்டுப் பார்ப்பார். சிலநேரம் வாழ்க்கையின் பக்கம் வருவார்: வங்கி வேலை, சமையல், பேரன், அப்பா பார்த்துக்கொண்ட பில்லைத் தான் கட்டப் பழகுவது. இரண்டுக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தால் நல்லது. ஒரே பக்கத்தில் மாட்டிக்கொள்வதுதான் சிக்கல். ஆகவே அறை மூடியிருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, மீதி நேரம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். சாப்பாடு, தூக்கம், தன் மாத்திரை, வெளியே நாலு பேரிடம் பேச்சு. இவை நடந்தால் மூடிய அறை ஒரு குற்றமில்லை. இறந்தவரோடு உள்ள உறவை அறுத்தெறிந்தால்தான் ஆறமுடியும் என்ற பழைய எண்ணத்தையும் 1996-இல் டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் மறுத்து எழுதிவிட்டார்கள். உறவு வேறு வடிவில் தொடரும், தொடரலாம்.

எப்போது நேரில் ஒருவரைப் பார்க்கவேண்டும்? ஏக்கமோ நினைப்போ அநேகமாக ஒவ்வொரு நாளும், நாள் முழுக்க ஆளை விழுங்கி, அன்றாட வேலையே நின்றுபோனால். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு இதை நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல ஆறு மாதம் கழியவேண்டும் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். இயற்கையான மரணத்தில் அன்பானவரை இழந்த பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. அதற்கென்றே உள்ள பேச்சு சிகிச்சையும் பலன் தருகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மா அந்த இடத்தில் இல்லை. ஆனால் "நானும் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று யார் சொன்னாலும் மாதக் கணக்குப் பார்க்கவேண்டாம். "செத்துப்போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

இனி அறை. 'இருக்கிறபடி இருக்கட்டும்' என்று அம்மா சொல்வதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது: வெளிப்பயணச் சாமான்கள் இருக்கிறபடி இருக்காது. பூட்டிய அறையில்தான் அவை வேகமாகக் கெடும். இதை அம்மாவிடம் சொல்லும்போது 'காலி பண்ணலாம்' என்ற சொல்லே வரக்கூடாது. 'கெடாமல் பார்த்துக்கொள்ளலாம்' என்று தொடங்குங்கள். அது உண்மையும்கூட.

முதலில் எதையும் தொடாமல் படம் எடுங்கள். நான்கு சுவர், ஒவ்வொரு அலமாரித் தட்டு, கதவுக்குப் பின்னால் தொங்குவது, தரை. எந்தக் கொக்கியில் டார்ச், எந்தத் தட்டில் ஸ்டவ் என்ற அடுக்கும் அவர் கைவேலைதான். பின்னால் எதை எடுத்தாலும் அந்த அடுக்கு படத்தில் இருக்கிறது என்ற தைரியம் அம்மாவுக்கு வேண்டும். அன்றைக்கு அதோடு நிறுத்திக் கதவைச் சாத்திவிடுங்கள்.

இரண்டாம் முறை, ஆபத்தானவற்றை மட்டும் எடுங்கள். ஸ்டவ்வுக்கான எரிபொருள் பாட்டில், கேஸ் கேனிஸ்டர், முதலுதவிப் பெட்டியில் உள்ள மாத்திரைகள், கத்தி. தூண்டில் முட்களும் ஈயக்குண்டுகளும் பேரன் கைக்கு எட்டக்கூடாது. ஈயத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கேனிஸ்டரில் மீதியிருக்கும் கேஸைத் திறந்தவெளியில் ஸ்டவ்வில் எரித்துத் தீர்த்துவிடுவது நல்லது. நீங்களாக ஓட்டை போடாதீர்கள். டார்ச், ஹெட்லாம்ப், ஜி.பி.எஸ். கருவி எல்லாவற்றிலும் பேட்டரியைக் கழற்றுங்கள். மாதக்கணக்கில் கிடந்த அல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், வினிகர் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு மூடுங்கள். ஜி.பி.எஸ். கருவியை மட்டும் முதலில் கேபிள் போட்டுக் கணினியில் இணைத்து அதிலிருக்கும் தடப்பதிவுகளை, அதாவது ஜி.பி.எக்ஸ். கோப்புகளை, நகலெடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

மூன்றாம் முறை, தானாகக் கெடுபவை. டென்ட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ புளித்த நாற்றம் அடித்தாலோ மழை புகாமல் தடுக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதையத் தொடங்கிவிட்டது. இனி அது மழை தாங்காது. நன்றாக இருந்தால் நிழலில் விரித்து (வெயில் நைலானைத் தின்னும்) முழுக்கக் காயவிட்டு, இறுக்காமல் மடித்துப் பருத்திப் பையில் போடுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சிறிய உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அமுங்கியே கிடந்தால் அதன் பொதி திரும்ப உப்பாது. ட்ரெக்கிங் ஷூவின் நடு அடியும் பல ஷூக்களில் பாலியூரித்தேன்தான். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சில வருடங்களில் பொடிந்துவிடும். பத்து வருட ஷூவை ஆசையாகப் போட்டுக்கொண்டு மலையேறினால் பாதி வழியில் அடி கழன்று கையில் வரும். பைனாகுலரைத் தோல் உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை படரும். தூண்டில் ரீலின் டிராக் திருகை, அதாவது மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக ஓடவேண்டும் என்பதை வைக்கும் திருகை, தளர்த்திவிடுங்கள்; இறுக்கியே வைத்தால் உள்ளே வாஷர்கள் அழுந்திப்போகும்.

கதவோரப் பையை அம்மாதான் திறக்கவேண்டும். எப்போது என்பதும் அவர் முடிவு. திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றும் எந்த வரிசையில் வருகிறது என்று எழுதுங்கள். மழைக் கோட்டு எங்கே, மருந்து எங்கே, கூடுதல் காலுறை எத்தனை, எந்தப் பொருள் எந்தப் பக்கப் பையில். ஒரு மனிதர் எதற்குப் பயந்தார், யாருக்காகக் கூடுதலாக ஒன்றை எடுத்தார் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் தெரியும். கெடக்கூடிய தின்பண்டம், மருந்து, பேட்டரி, பாட்டில் தண்ணீர் நான்கையும் எடுத்துவிட்டு மற்றதை அதே வரிசையில் திரும்ப வைத்துவிடலாம். பை அங்கேயே இருக்கட்டும். உள்ளே துவைக்காத சட்டை இருந்து, அது காய்ந்தும் இருந்தால், ஜிப் உறையில் போட்டு மூடுங்கள். வாசனை ஆவியாகிப் போகும். திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும் என்று தெரிந்து திறக்கவேண்டும். மூளையில் வாசனை போகும் வழி உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளை நேராகத் தொடுவது. அதனால் நனைந்த கேன்வாஸ் வாடையோ ஸ்டவ் எண்ணெய் வாடையோ அடித்ததும் யாராவது உடைந்து அழக்கூடும். அறையைத் தனியாகத் திறக்காமல் இரண்டு பேராக, ஒருமுறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

பங்கிடுவது பிறகு. முதலில் அம்மா, பிறகு பிள்ளைகள், பிறகு பேரன், கடைசியில் நண்பர்கள் என்ற வரிசையில் ஆளுக்கொரு பொருள். முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் போட்டு, திரும்பத் திறக்கும் தேதியை மூடிமேல் எழுதுங்கள். ஆறு மாதம் தள்ளிப் போடலாம்.

தம்பி கேட்கும் சாமான்களில் ஒன்றில் மட்டும் நீங்கள் உறுதியாக நிற்கவேண்டும். கயிறு, ஹார்னெஸ் (பாறை ஏறும்போது இடுப்பில் கட்டும் பட்டை), தையல் ஸ்லிங் (வளையமாகத் தைத்த நாடா) முதலான துணிச்சாமான்களுக்கு, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும், தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயுள் தருவதில்லை. வெயில், வியர்வை, பேட்டரி அமிலத்தின் ஆவி செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரியாது. லேபிளில் தயாரித்த ஆண்டைப் பாருங்கள். தேதி தெரியாவிட்டாலோ, எத்தனை முறை விழுந்து தாங்கியது என்று தெரியாவிட்டாலோ, அதில் உயிரைத் தொங்கவிடக்கூடாது. அப்பாவின் கயிறு என்ற பாசம்தான் இங்கே ஆபத்து. வேறு யார் கயிறாக இருந்தாலும் தம்பியே வேண்டாம் என்றிருப்பார். கயிற்றை அவரிடமே கொடுங்கள். சின்னத் துண்டுகளாக வெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். முழுதாகத் தொங்கினால் என்றைக்காவது யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள். ஹெல்மெட்டுக்கும் இதே கதை. டென்ட், ஸ்டவ், பைனாகுலர் பயன்படுத்தத் தடையில்லை.

தம்பி பேசாமல் மலையேறுவதை நோயாகப் பார்க்காதீர்கள். உடலால், வேலையால் துக்கத்தைக் கடப்பவர்கள் உண்டு. துக்க ஆய்வாளர்கள் கென்னத் டோகாவும் டெரி மார்ட்டினும் இதைத் தனிப் பாங்காகவே எழுதியிருக்கிறார்கள். 'அழுதுடு, மனசு லேசாகும்' என்று உட்காரவைத்தால் எழுந்து போய்விடுவார். டென்ட் கம்பியைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், பேச்சு தானாக வரும். கவலைப்படவேண்டியது வேறு: போகும் வழியைச் சொல்லாமல் கிளம்புவது, மழை எச்சரிக்கையில் போவது, முன்பு செய்யாத துணிச்சல், குடி, நாலைந்து மணி நேரத் தூக்கம். இவற்றில் இரண்டு சேர்ந்தால் மேலே சொன்ன கேள்விகளை அவரிடமும் கேட்கவேண்டும். வாரந்தோறும் தனியாகப் போகிறவரிடம் நீங்கள் ஒரு நிபந்தனை மட்டும் வைக்கலாம்: ஃபிரிட்ஜில் சீட்டு. வழி, இறங்கும் நேரம், அதோடு அப்பா சீட்டில் இல்லாத ஒரு வரி, 'இத்தனை மணிக்கும் வராவிட்டால் இவரைக் கூப்பிடுங்கள்'. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக்கும் அது உதவும்.

செல்போனுக்குக் காலக்கெடு இருக்கிறது. இரண்டு ஆண்டு பயன்பாடு இல்லாத கூகுள் கணக்கை நிறுவனம் அழிக்கலாம். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் சும்மா இருந்தாலே நீக்கப்படும், அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. ஆனால் அவர் உங்களுக்கும் அம்மாவுக்கும் அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் போன்களில் இருக்கும். இன்றைக்கே தனிக் கோப்பாக வெளியே எடுங்கள். அவை ஓபஸ் வடிவில் இருக்கும், எல்லாக் கருவியிலும் ஓடாது. மூலத்தையும் வைத்துக்கொண்டு எம்.பி.3 நகல் ஒன்றும் எடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேகரிக்காதீர்கள்: படம் சுருங்கும், எடுத்த தேதியும் இடமும் போய்விடும். கேபிள் போட்டு எடுங்கள். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால் கணக்கு வேலை முடியும்வரை சிம்மை விடவேண்டாம்.

குறிப்பேடுகளை ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். ஸ்கேனர் இருந்தால் எழுத்துக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), சிறிய பழைய புகைப்படத்துக்கு 600. அட்டை, காலிப் பக்கம், நடுவில் செருகிய சீட்டு எதையும் விடாதீர்கள். கோப்புப் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கினால் தானாக வரிசையில் நிற்கும். மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். குறிப்பேட்டின் தேதி, ஜி.பி.எஸ். தடம், அன்றைய படம் மூன்றையும் ஒன்றாக வைத்தால் ஒரு பயணம் முழுதாக எழுந்துவரும். முப்பது வருடத்தையும் அப்படிச் செய்ய உட்கார்ந்தால் மூன்றாவது மாதத்தில் கைவிடுவீர்கள். ஐந்து பயணம் போதும்.

நண்பர்களிடம் பேசும்போது, கூடும் நாளுக்கு முன்பே தனித்தனியாகப் பேசுங்கள். எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினால் ஒருவர் நினைவு இன்னொருவர் நினைவைத் திருத்திவிடும். கடைசியில் எல்லாரிடமும் ஒரே கதைதான் மிஞ்சும். ஐந்தாறு படங்களை மேசையில் பரப்பி, போனில் பதிவைத் தட்டிவிட்டு, நாற்பது நிமிடம். 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்றால் 'தங்கமான மனுஷன்' என்பார்கள், அங்கேயே பேச்சு முடிந்துவிடும். டென்ட் போட இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பார்? எந்த நிலையில் 'திரும்பிடலாம்' என்பார்? பின்தங்கியவரோடு யார் நடப்பார்கள்? மீன் சிக்காத நாளில் என்ன செய்வார்? எதற்குக் கோபப்படுவார்? ராத்திரியில் வீட்டைப் பற்றிப் பேசுவாரா? கடைசிக் கேள்விக்கான பதில்கள்தான் உங்களுக்கு வேண்டியவை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வருகிறேன். குடும்பத்தின் மேல் உயிரை வைத்திருந்தவரும் வாராவாரம் காட்டுக்குப் போனவரும் ஒரே ஆள். இரண்டையும் நினைப்பதில் துரோகம் இல்லை. மனத்தாங்கலை அமுக்கிவிட்டுப் புகழை மட்டும் நினைத்தால் அவர் உங்களுக்கு அந்நியராகிவிடுவார். ஏனென்றால் அந்தப் புகழ் நண்பர்களின் அப்பாவுக்கு, உங்கள் அப்பாவுக்கு இல்லை. பேச்சை எழுதும்முன் வேறொன்றை எழுதுங்கள், யாருக்கும் காட்டாதது. உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் செய்த ஆய்வின் முறை: ஒருநாளைக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், பிழை பார்க்காமல். எழுதி முடித்த உடனே மனம் கனக்கும், ஆகவே படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். துக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் இது பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இரண்டாம் நாள் தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு இதைச் சொல்வது, சொல்லமுடியாத ஒரு விஷயம் தொண்டையில் நிற்பதாக நீங்களே எழுதியிருப்பதால்தான்.

பேச்சு ஐந்து நிமிடம். நானூறு, ஐந்நூறு சொல் தாண்டவேண்டாம். இத்தகைய பேச்சுகள் கெடுவது இரண்டு வகையில்: ஏறிய மலைகளின் பட்டியல், நற்குணங்களின் பட்டியல். இரண்டும் இல்லாமல், மலையில் அவர் செய்த ஒரு காரியத்தையும் வீட்டில் அதே குணத்தோடு செய்த ஒரு காரியத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முடிச்சை இரண்டு முறை சோதித்தவர் அம்மாவின் மாத்திரையை எப்படி எண்ணிவைத்தார் என்று சொன்னால் போதும், காட்டு மனிதர், வீட்டு மனிதர் என்ற பிரிவே கேட்பவர் மனதில் எழாது. ஞாயிற்றுக்கிழமையை ஒரே வாக்கியத்தில், குற்றச்சாட்டு இல்லாமல், நடந்ததாகச் சொல்லலாம்: 'பல ஞாயிறுகளில் அவர் எங்களோடு இல்லை, சீட்டில் எழுதிய நேரத்துக்கு நாங்கள் காத்திருந்தோம்.' நண்பர்களுக்கும் அது தெரியவேண்டியதே. 'இயற்கையோடு கலந்துவிட்டார்' வகையறாவை அடித்துவிடுங்கள், உங்கள் மகன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

எழுதியதை அம்மாவுக்கு இரண்டு நாள் முன்பே படித்துக் காட்டுங்கள். மேடையில்தான் முதன்முறையாகக் கேட்கும்படி விடாதீர்கள். அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள், வாதம் வேண்டாம். அன்றைக்கு அவர் உட்காரும் இடம் கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், எழுந்து போனால் கூடப்போகிறவர் யார் என்று முன்பே பேசிவையுங்கள். வீட்டில் மூன்று முறை சத்தமாக வாசித்துப் பாருங்கள், எந்த வரியில் குரல் உடைகிறது என்று தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் ஒரு மிடறு தண்ணீர். 18 புள்ளி எழுத்தில் அச்சடித்த நகல் ஒன்று உங்களிடம், ஒன்று தம்பியிடம். உங்களால் தொடரமுடியாவிட்டால் நிறுத்திய வரியிலிருந்து அவர் படிப்பார் என்று இப்போதே கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

— ஆலோசகர்